ஜிம் தலைவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வோம்

எங்கள் அக்காவுக்குச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடை அஞ்சடியில், அதாவது முன் நடைபாதையில், நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் என்னுடைய பழைய கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, அதற்குள் போக்கிமான் ஃபயர் ரெட். 2004-இல் வந்த ஆட்டம். போக்கிமான் என்ற ஜந்துக்களைப் பிடித்து வளர்த்து, ஊர் ஊராக ஜிம் தலைவர்களோடு சண்டைக்கு விட்டு, ஜெயித்தால் பேட்ஜ் வாங்கலாம். அப்போது இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை. ஆனாலும் ஜிம் தலைவரிடம் தோற்றதும் இவர்கள் முகம் வாடுவதைப் பார்த்தால், தோட்டத்து லயத்தில் அண்ணனும் நானும் ஒரே மெஷினை மாற்றி மாற்றி ஆடிய நாள்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

தோற்றவுடன் எல்லாப் பிள்ளையும் கேட்கும் முதல் கேள்வி, "மாமா, லெவல் ஏத்தணுமா?" என்பதுதான். பெரும்பாலும் வேண்டியதில்லை. காரணம் வேறாக இருக்கும்போது லெவல் ஏற்றப் போனால் இரண்டு நாள் புல்லுக்குள்ளேயே சுற்றி, திரும்பி வந்து, மறுபடியும் தோற்று, ஆட்டத்தையே வெறுத்துவிடுவார்கள். அப்படி வெறுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு 555 புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தக் குட்டிப் புத்தகம். தோற்ற சண்டையை அதில் வரி வரியாக எழுதுங்கள்: எதிரே நின்றது எது, நீங்கள் அடித்த மூவ் (தாக்கும் வித்தை) எது, திரையில் வந்த வாசகம் என்ன, எதிரியின் உயிர்க்கோடு எவ்வளவு இறங்கியது. ஐந்து வரி எழுதினாலே நோய் எது என்று பாதி தெரிந்துவிடும். மீதிக்கு உங்கள் அறிகுறி கீழே எங்கே இருக்கிறதென்று பாருங்கள்.

"சார்மாண்டரை வச்சு அடிச்சா புரோக்குக்கு ஒண்ணுமே ஆகல"

முதல் ஜிம் தலைவர் புரோக்கிடம் இரண்டு போக்கிமான்: ஜியோடியூட் லெவல் 12, ஆனிக்ஸ் லெவல் 14. இரண்டும் கல், மண் என்ற இரட்டை டைப். நெருப்பும் சாதாரண டைப் அடியும் கல்லிடம் பாதியாகிவிடும். ஆட்டத் தொடக்கத்தில் தண்ணீர் டைப் ஸ்குவர்ட்டிலோ புல் டைப் பல்பசோரோ எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது. தண்ணீரும் புல்லும் கல்லையும் மண்ணையும் சேர்த்துத் தாக்குவதால் நான்கு மடங்கு இறங்கும்.

சார்மாண்டர்தான் உங்கள் பிள்ளை என்றால் மூன்று வழி. முதல் வழி, லெவல் 13 வரை பொறுத்திருந்தால் மெட்டல் கிளா வரும். இரும்பு டைப் கல்லை நன்றாகப் பிளக்கும். இரண்டாவது, விரிடியன் ஊருக்கு மேற்கே 22-ஆம் ரூட்டில் மாங்கி பிடியுங்கள். அதன் லோ கிக் எதிரியின் எடையைப் பார்த்து அடிக்கும் மூவ். ஆனிக்ஸ் 210 கிலோ. அதன் மேல் அந்த அடி உச்ச பலத்தில் விழும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. விரிடியன் காட்டில் கேட்டர்பி பிடித்து வளர்த்தால் லெவல் 7-இல் மெட்டாபாட், 10-இல் பட்டர்ஃபிரீ. அந்த 10-லேயே கன்ஃப்யூஷன் என்ற மூவும் வந்துவிடும். ஆனிக்ஸின் டிஃபென்ஸ் 160, பாறை போல. ஆனால் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 45 மட்டுமே. கன்ஃப்யூஷன் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக நுழைகிறது. இந்த இரண்டு கதவு விஷயம் முக்கியம், கொஞ்சம் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

"மிஸ்டியோட ஸ்டார்மி பாதி இறங்கும், அப்புறம் மறுபடியும் ஏறிடும்"

மிஸ்டி இரண்டாவது ஜிம் தலைவி. அவருடைய ஸ்டார்மி லெவல் 21, கையில் ரிகவர் இருக்கிறது. ஒரு தடவை போட்டால் பாதி உயிர் திரும்பிவிடும். நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கால்வாசி கால்வாசியாக இறக்கினால் அது முடியாத கதை. இதற்கு மருந்து தூக்கம். பல்பசோர் வளர்ந்து ஆகும் ஐவிசோருக்கும் பட்டர்ஃபிரீக்கும் லெவல் 15-இல் ஸ்லீப் பவுடர் வரும். ஃபயர் ரெட்டில் 24-ஆம் ரூட்டுப் பக்கம் கிடைக்கும் ஆடிஷுக்கு 18-இல். தூங்க வைத்துவிட்டு, புல் அல்லது மின்சார மூவை அடுத்தடுத்துப் போடுங்கள். தூங்குகிற ஸ்டார்மியால் ரிகவர் போட முடியாது.

இன்னொன்று. அது உங்களைவிட வேகமானது என்பதை மறக்காதீர்கள். தூங்க வைக்க ஆள் இல்லாமல் பிக்காச்சு இருந்தால், அதற்குப் பதிலாக முதலில் பக்கவாதம் வரவைக்கும் தண்டர் வேவ். இந்த ஆட்டத்தில் பக்கவாதம் வந்த போக்கிமானின் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும்.

"டைப் சரிதான் மாமா, சூப்பர் எஃபெக்டிவ்னும் வருது, ஆனா இறங்கவே மாட்டேங்குது"

இந்த அறிகுறியில்தான் அண்ணன் பல மாதம் மாட்டிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொடுக்க அன்று எங்களுக்கு ஆள் இல்லை. சாஃப்ரன் ஊர் ஃபைட்டிங் டோஜோவில் ஹிட்மான்லீ, ஹிட்மான்சான் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஹிட்மான்சானை எடுத்தார். லெவல் 26-இல் நெருப்புக் குத்து, பனிக் குத்து, மின்னல் குத்து மூன்றும் அதற்கு வந்துவிடும். ஜிம்கள் எல்லாம் முடிந்த பிறகு வரும் எலீட் ஃபோர் நால்வரில் கடைசி ஆள் லான்ஸ். அவருடைய டிராகனைட்டுக்கு பனி நான்கு மடங்கு வலிக்கும். "இவன் ஒருத்தன் போதும்டா" என்று லெவல் 55 வரை வளர்த்தார்.

லான்ஸ் வந்தார். டிராகனைட் வந்தது. ஐஸ் பஞ்ச் போட்டார். சூப்பர் எஃபெக்டிவ் என்று எழுத்து வந்தது. உயிர்க்கோடு மெதுவாக இறங்கி, மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் நின்றுவிட்டது. அண்ணன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் இதுதான். ஒவ்வொரு போக்கிமானுக்கும் தாக்கும் பலம் இரண்டு வகை: அட்டாக், ஸ்பெஷல் அட்டாக். அட்டாக்கைத் தாங்குவது டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக்கைத் தாங்குவது ஸ்பெஷல் டிஃபென்ஸ். மேலே சொன்ன இரண்டு கதவு இவைதான். ஒரு மூவ் எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதை அந்தக் காலத்து ஆட்டங்களில் மூவின் டைப்தான் தீர்மானிக்கும். நெருப்பு, தண்ணீர், புல், மின்சாரம், பனி, சைக்கிக், டிராகன், டார்க் ஆகிய எட்டும் ஸ்பெஷல். மீதி ஒன்பதும், அதாவது சாதாரணம், சண்டை, பறவை, நஞ்சு, மண், கல், பூச்சி, பேய், இரும்பு ஆகியவை வெறும் அட்டாக். பெயரில் குத்து என்று இருந்தாலும் ஐஸ் பஞ்ச் ஸ்பெஷல் கணக்கில்தான் போகும். ஹிட்மான்சானின் ஸ்பெஷல் அட்டாக் 35. அந்தப் பலத்தில் நான்கு மடங்கு என்றாலும் என்ன வந்துவிடப் போகிறது?

2006-இல் வந்த டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில்தான் ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனியாக வகை பிரித்தார்கள். புது ஆட்டம் ஆடிவிட்டு ஃபயர் ரெட்டுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு அதுவே காரணம். ஃபயர் ரெட்டில் மூவின் விவரப் பக்கத்தில் இதற்கு அடையாளம் எதுவும் இருக்காது. அந்த எட்டு டைப்பை 555 புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை, உங்கள் போக்கிமானின் விவரத் திரையைத் திறந்து இரண்டு எண்ணில் எது பெரியது என்று பார்ப்பது. பெரிய எண் உள்ள பக்கத்து மூவையே கற்றுக்கொடுங்கள். கியாரடோஸுக்கு அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. அதற்கு சர்ஃப் கற்றுக்கொடுத்துவிட்டு அடி விழவில்லை என்றால் தப்பு கியாரடோஸ் மேல் இல்லை. செலடன் கேம் கார்னரில் கிடைக்கும் ஷேடோ பால் பேய் டைப் மூவ், ஆக அது அட்டாக் பக்கம். பேயான கெங்கர் போட்டால் அரைகுறையாக விழும். தூங்குமூஞ்சி ஸ்நார்லாக்ஸ் போட்டால் ஜிம் தலைவி சப்ரினாவின் அலகசாம் அங்கேயே சாய்ந்துவிடும். அலகசாமின் டிஃபென்ஸும் வெறும் 45தான்.

டிராகனைட்டுக்குச் சரியான ஆள் லாப்ரஸ். சில்ஃப் கட்டடத்தில் லெவல் 25 லாப்ரஸை ஒருவர் சும்மாவே கொடுப்பார். 31-இல் ஐஸ் பீம் தானாக வரும். அண்ணனிடம் லாப்ரஸ் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வளர்த்த பிறகு ஒரே அடியில் டிராகனைட் போய்விட்டது.

"கூட்டாளிகிட்ட வாங்கின போக்கிமான் சொல்பேச்சு கேக்கல"

மருமகன் இப்படித்தான் ஒரு நாள் மிஸ்டியிடம் போனான். கையில் கூட்டாளியிடம் மாற்றி வாங்கிய லெவல் 40 மச்சாம்ப். பேட்ஜ் ஒன்றே ஒன்று. மச்சாம்ப் சண்டை நடுவில் தூங்கியது, வேறு மூவைப் போட்டது, தன்னைத்தானே அடித்துக்கொண்டது. மெஷின் கெட்டுவிட்டது என்று என்னிடம் ஓடி வந்தான்.

மெஷினில் ஒன்றுமில்லை. மாற்றி வாங்கிய போக்கிமான் உங்கள் பேட்ஜைப் பார்த்துத்தான் மதிக்கும். மிஸ்டியின் பேட்ஜ் வாங்கும்வரை லெவல் 10 வரைதான் பணியும். அதை வாங்கினால் 30 வரை, எரிக்காவின் நான்காவது பேட்ஜுக்கு 50 வரை, சப்ரினாவின் ஆறாவதுக்கு 70 வரை, எட்டாவது கிடைத்தால் எல்லாமே. நீங்களே பிடித்த போக்கிமானுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

மச்சாம்ப், கெங்கர், அலகசாம், கோலம் இவை நான்கும் கைமாற்றினால்தான் கிடைக்கும் உருமாற்றங்கள். அதனால் மச்சாம்புக்கு முந்தைய வடிவமான உங்கள் மச்சோக்கைக் கூட்டாளிக்கு அனுப்பி, அது மச்சாம்ப் ஆனதும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்தது நீங்கள் என்பதால் சொன்னபடி கேட்கும். கூட்டாளி உண்மையான கூட்டாளியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றி வாங்கிய போக்கிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு கிடைக்கும். ஆகவே சின்ன லெவலில் வாங்கி வளர்ப்பது லாபம். பெரிய லெவலில் வாங்கினால் வம்பு.

"அடி படவே மாட்டேங்குது"

குறைவாகப் படுவது வேறு, படவே படாதது வேறு. படாவிட்டால் திரையில் என்ன எழுத்து வருகிறது என்று நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் பட்டனை வேகவேகமாகத் தட்டிவிடுவதால் அந்த வாசகம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

எலீட் ஃபோரில் பேய்களை வைத்திருக்கும் அகாதாவிடம் இது அதிகம் நடக்கும். பேய்க்குச் சாதாரண அடியும் சண்டை டைப் அடியும் ஏறாது. சரி, கெங்கர் நஞ்சு டைப்பும்கூட, நஞ்சுக்கு மண் ஆகாதே என்று பூகம்பம் போட்டால் அதுவும் ஏறாது. திரையில் லெவிடேட் என்ற பெயர் வரும். அது காற்றில் மிதக்கிறது, தரை ஆடினால் அதற்கென்ன? ஜிம் தலைவர் கோகாவின் காஃபிங், வீஸிங்கும் மிதப்பவைதான். மின்சார ஜிம் தலைவர் சர்ஜை ஜெயித்த சந்தோஷத்தில், அங்கே உதவிய மண் டைப் டக்ட்ரியோவோடு கோகாவிடம் போகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கோகாவிடம் மண் டைப் படுவது மக் ஒன்றின் மேல்தான். சைக்கிக் மூவ் ஒன்று வைத்திருந்தால் கோகாவின் நான்கு போக்கிமானுக்கும் அது போதும்.

"ஷாக் அடிச்சு அசையவே முடியல"

லெப்டினன்ட் சர்ஜ். வெர்மிலியன் ஊருக்குக் கிழக்கே டிக்லெட் குகை. ஒரு டிக்லெட் பிடியுங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் டக்ட்ரியோவே கிடைக்கும். மண் டைப்புக்கு மின்சாரம் ஏறவே ஏறாது. செருலியனில் ராக்கெட் திருடனிடமிருந்து பறித்த டிக் மூவைக் கற்றுக்கொடுத்தால் ராய்ச்சுவோடு கதை முடிந்தது. சர்ஜ் ஜிம்மின் குப்பைத் தொட்டிப் புதிரில் முதல் பொத்தான் கிடைத்ததும் அதை ஒட்டிய தொட்டியிலேயே இரண்டாவதைத் தேடுங்கள்.

"சாரிசார்ட் விழுந்தா எல்லாம் விழுந்துடுது"

அணியைத் திறந்து காட்டச் சொன்னால், சார்மாண்டர் வளர்ந்து ஆன சாரிசார்ட் லெவல் 58, மற்ற ஐந்தும் 25-க்குக் கீழே. இதைக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையிடமும் பார்க்கிறேன். முதலில் பிடித்ததன் மேல் பாசம், அது தப்பே இல்லை. ஆனால் எலீட் ஃபோரின் முதல் ஆள் லோரலையின் ஐந்தில் நான்கு தண்ணீர் டைப். சாரிசார்ட் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆறையும் வளர்க்கத் தேவையில்லை. வேலை பிரித்துக் கொடுங்கள். மின்சாரத்துக்கு ஒருவர்: செலடன் மாளிகையில் கிடைக்கும் ஈவியைத் தண்டர் ஸ்டோனால் ஜோல்டியானாக மாற்றலாம். லோரலையின் நான்கு பேரையும் லான்ஸின் கியாரடோஸையும் அவரே பார்த்துக்கொள்வார். பனிக்கு லாப்ரஸ். புரூனோவிடம் இரண்டு ஆனிக்ஸும் மூன்று சண்டைக்காரர்களும் இருப்பதால் ஒரு தண்ணீர், ஒரு சைக்கிக். சாரிசார்டும் அவர்களோடு இருக்கட்டும், ஆனால் பாரம் முழுவதும் அதன் தலையில் வேண்டாம்.

"மூணு பேரை ஜெயிச்சேன், நாலாவது ஆள்கிட்ட போக ஒண்ணுமே மிச்சமில்ல"

எலீட் ஃபோரில் லோரலை, புரூனோ, அகாதா, லான்ஸ், அப்புறம் நம் போட்டிக்காரப் பையன் என்று ஐந்து சண்டை வரிசையாக வரும். நடுவில் சிகிச்சை நிலையம் கிடையாது. 555 புத்தகத்தில் இங்கே இன்னொரு கணக்கு எழுதவேண்டும்: ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை தடவை மிச்சம். ஹைட்ரோ பம்பும் ஃபயர் பிளாஸ்டும் ஐந்தே ஐந்து தடவை. ஐஸ் பீம் பத்து. சர்ஃப் பதினைந்து. பலம் பெரிதாக இருக்கிறதே என்று ஹைட்ரோ பம்பை மட்டும் நம்பிப் போனால் புரூனோவைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஐஸ் பீமை லான்ஸுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மூவின் தடவைகளைத் திருப்பித் தரும் ஈத்தர் மருந்து வழியில் கிடைத்தால், அதை எல்லாம் விற்காமல் இதற்காகச் சேர்த்து வையுங்கள், கடையில் கிடைக்காது.

வாசலில் உள்ள கடையில் உயிரை முழுக்க நிரப்பும் ஃபுல் ரிஸ்டோர் 3000, விழுந்ததை எழுப்பும் ரிவைவ் 1500. காசு இருக்கும் அளவுக்கு இரண்டையும் கலந்து வாங்குங்கள். ஒவ்வொரு அறையிலும் சேவ் செய்யலாம். ஆனால் பாதி அணி விழுந்து பையும் காலியான நிலையில் சேவ் செய்தால், அடுத்த தடவையும் அதே காலிப் பையோடுதான் நிற்பீர்கள். முதலில் மருந்து போட்டு எழுப்புங்கள், பிறகு சேவ்.

"எல்லாம் சரியா செஞ்சேன், அப்பவும் ஒரே அடியில போயிடுறேன்"

புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். டைப் சரி, கதவு சரி, மருந்து இருக்கிறது, அப்படியும் உங்கள் ஆள்கள் ஒவ்வொரு அடியிலும் விழுகிறார்களா? அப்போதுதான் லெவல். கடைசிப் போட்டிக்காரன் ஆட்டத் தொடக்கத்தில் எடுத்த போக்கிமான் லெவல் 63-இல் நிற்கும், நாற்பதுகளில் இருந்துகொண்டு அவனை ஜெயிப்பது மிகக் கடினம். புல்லில் சுற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெர்மிலியன் சிகிச்சை நிலையத்தில் ஒரு பெண் விஎஸ் சீக்கர் கொடுப்பார். 100 அடி நடந்தால் அது சார்ஜ் ஆகும். ஏற்கெனவே ஜெயித்த ஆள்களையே மறுபடியும் சண்டைக்குக் கூப்பிடலாம், காசும் சேரும்.

"ஜெயிச்சேன், ஆனா சேவ் போயிடுச்சு"

இது ஆட்டத்தின் குறையில்லை, கேசட்டின் குறை. எனக்கே நடந்தது. முதல் கேசட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் கூடுதல் நேரம் வேலை பார்த்த காசில் வாங்கித் தந்தார். லான்ஸைத் தாண்டி, போட்டிக்காரனையும் ஜெயித்து, ஆறு பேரின் படமும் வரிசையாக வந்து, ஆட்டம் தானாக சேவ் செய்கிற இடத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. திரும்பப் போட்டால் புது ஆட்டம் மட்டும்தான் இருந்தது. போலிக் கேசட்டுகள் பல அந்த இடத்தில்தான் கைவிடும்.

அசல் ஃபயர் ரெட் கேசட்டில் சேவுக்கு பேட்டரி கிடையாது, ஃபிளாஷ் நினைவகத்தில்தான் எழுதும். அதனால் "பேட்டரி மாத்தினா சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கேசட் மேல் சந்தேகப்படுங்கள். வாங்கும்போது கேசட்டைக் கவிழ்த்து, கீழே தங்கப் பல் வரிசைக்குச் சற்று மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். அசலில் பலகை மேல் நிண்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். முன்பக்க ஸ்டிக்கரைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மங்கலாகத் தெரியும்.

அசலாக இருந்தும் திரை சரியாக வரவில்லை என்றால் நம் ஊர் ஈரக்காற்றுதான். பல் வரிசையில் பாசி போலப் படிந்திருக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.